ரோல் கேஜ்: பட்டறைக்கு வருபவர்கள் கேட்பவையும் என் பதில்களும்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பதினோரு ஆண்டுகள் குழாய் பற்றவைத்தவன் நான். இப்போது காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்கூடத்தின் தரைத்தளத்தில் பந்தயக் கார்களுக்குள் ரோல் கேஜ் எனும் எஃகுக் குழாய்க் கூண்டு கட்டுகிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கீழே வரும் விதி அளவுகள் எஃப்ஐஏ எனப்படும் அனைத்துலகக் கார் பந்தயக் கூட்டமைப்பின் பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவில் உள்ளவை. நீங்கள் ஓட்டப்போகும் பந்தயத்துக்கு வேறு விதிப்புத்தகம் இருந்தால் அதுதான் செல்லும்.

ரோல் கேஜ் உண்மையில் என்ன செய்கிறது?

கார் உருண்டால் கூரை கீழே வராமல் தடுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான். கூரையின் ஒரு மூலையில் விழும் அடியை வாங்கி, பல குழாய்களுக்குப் பிரித்து, காரின் அடித்தட்டு முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அடி எந்த வழியாக இறங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாத கூண்டு வெறும் அலங்காரக் கம்பி.

புதிதாக வரும் பையன்களுக்கு நான் படம் வரைந்து காட்டுவதில்லை. லாவ் பா சாட் உணவங்காடியில் சாத்தே தின்ற பிறகு மிஞ்சும் குச்சிகள் நான்கு, காப்பிப் பொட்டலத்தில் கட்டி வரும் ரப்பர் வளையங்கள் நான்கு. குச்சிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை விரலால் தள்ளச் சொல்வேன். சதுரம் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். குச்சி எதுவும் உடைந்திருக்காது, ஆனால் உள்ளே இருந்த இடம் போய்விட்டது. சற்று நீளமான ஐந்தாவது குச்சியை மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டிவிட்டு மறுபடி தள்ளச் சொல்வேன். இம்முறை விரல்தான் வலிக்கும். கூண்டு வடிவமைப்பில் முக்கால் பங்கு அந்த ஐந்தாவது குச்சிதான். குழாயைத் தடிமனாக்கிக்கொண்டே போவதைவிட, சதுரமாக நிற்கும் இடங்களை எல்லாம் முக்கோணமாக்குவது மேல்.

தினமும் வேலைக்குப் போகும் காருக்குக் கட்டித் தருவீர்களா?

மாட்டேன். தரையை வெட்டிக் கூண்டைப் பற்றவைப்பது காரின் அமைப்பையே மாற்றுவது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் கையில் இல்லாமல் பதிவுள்ள காரில் நான் கை வைப்பதில்லை. காப்புறுதி நிறுவனத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் சட்டமே இல்லாத ஊராக இருந்தாலும் என் பதில் இதுதான். பந்தயத்தில் ஓட்டுநர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, தோளையும் இடுப்பையும் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அலுவலகத்துக்குப் போகிறவர் வெறுந்தலையோடு ஒரு தோள் பட்டையில் உட்கார்ந்திருக்கிறார். சாலைச் சந்திப்பில் யாராவது பக்கவாட்டில் லேசாக இடித்தாலே அவர் தலை போய் மோதுவது எஃகுக் குழாயில். கார் உற்பத்தியாளர் அந்த இடத்தில் மென்மையான உறையும் திரைபோல் விரியும் காற்றுப்பையும் வைத்ததற்குக் காரணம் உண்டு. கூண்டு வந்தால் அவை இரண்டும் போய்விடும். பின்னிருக்கையில் பிள்ளைகளை ஏற்றுபவர் என்றால் பேச்சே வேண்டாம்.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

ஓட்டுநரின் தலையிலிருந்து. விலை கேட்டு வருகிறவர்கள் காரை மட்டும் ஓட்டி வருகிறார்கள். எனக்கு முதலில் வேண்டியது இருக்கை.

இறுதியாகப் பூட்டப்போகும் பந்தய இருக்கையைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஓட்டப்போகிறவர் ஹெல்மெட்டுடன் அதில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அளவுநாடாவை எடுக்கிறேன். இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவின் உச்சியிலிருந்து கண்ணாடிக்கு மேலே ஓடும் முன் குழாய்வரை ஒரு நேர்கம்பைப் பிடித்தால், ஹெல்மெட் அந்தக் கம்புக்குக் கீழே குறைந்தது 50 மி.மீ. இடைவெளியோடு இருக்க வேண்டும். பல கிளப் விதிகள் கேட்கும் அளவு அது. உயரமானவர் என்றால் கூண்டை ஏற்ற முடியாது, ஏனென்றால் மேலே கூரை இருக்கிறது. இருக்கையைத்தான் இறக்க வேண்டும். கூண்டைக் கட்டிவிட்டு இருக்கையைத் தேடியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் இன்றும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

தலைக்குப் பிறகு கதவு. கதவுப் பக்கக் குழாய்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டால் நல்லது. ஆனால் அவற்றின் மேல்முனை கதவுத் திறப்பின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. எரியும் காரிலிருந்து ஆள் வெளியே வர வேண்டுமே.

எந்தக் குழாய் வாங்குவது?

நீளவாக்கில் ஒட்டிய தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த சாதாரண கார்பன் எஃகுக் குழாய். கார்பன் 0.3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, இழுவலிமை சதுர மி.மீட்டருக்கு 350 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவர்க் கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும். மற்றவற்றுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.

ஆலைச் சான்றிதழ் இல்லாத குழாயைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுவும் இரும்புதானே" என்று கேட்டவர் உண்டு. அதில் நீளவாக்கில் தையல் இருக்கிறது, மேலே துத்தநாகப் பூச்சு இருக்கிறது. பற்றவைத்தால் அந்தப் புகை அன்றிரவே காய்ச்சலைக் கொண்டுவரும். கப்பல் பட்டறையில் நான் அனுபவித்தது.

குரோமோலி போட்டால் இன்னும் உறுதியாக இருக்காதா?

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுதான் குரோமோலி. அது அதிக வலிமை தாங்கும், ஆனால் அதிக விறைப்பு தராது. ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். சுவரை மெல்லியதாக்கி எடையைக் குறைக்கத்தான் அதைத் தேடுகிறார்கள். பற்றவைப்பில் அதற்குப் பொறுமை வேண்டும், சூடான மூட்டு மெல்ல ஆற வேண்டும், தண்ணீர் ஊற்றி அணைத்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். விதிப்படி நாமே கட்டும் கூண்டுக்குச் சாதாரண கார்பன் எஃகுதான். வேறு உலோகம் என்றால் கட்டியவரிடம் அதற்கான அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும்.

எவ்வளவு எடை கூடும்?

45க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ, 38க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.2 கிலோ. நடுத்தர அளவுக் காரில் முதல் வகை 5 மீட்டரும் இரண்டாம் வகை 22 மீட்டரும் போகும் என்று வைத்தால் பாதத் தகடுகளோடு 63 கிலோ வரும். பக்கத்தில் ஒருவரை எப்போதும் உட்காரவைத்து ஓட்டுவதுபோல. பின்னிருக்கை, தரைவிரிப்பு, ஒலித்தடுப்புப் பாய்களை எடுத்துவிட்டால் கணிசமான பங்கு திரும்பக் கிடைத்துவிடும்.

அந்த ஒலித்தடுப்புப் பாய்களைச் சுரண்டி எடுக்க நாள் கணக்கில் போராடாதீர்கள். உலர்பனிக்கட்டியை அவற்றின் மேல் பரப்பிச் சற்று நேரம் விட்டால் தார் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று கழன்று வரும். கையுறை போடுங்கள், கார்க் கதவுகளைத் திறந்து வையுங்கள். அதிலிருந்து வரும் வாயு மூடிய இடத்தில் மூச்சை அடைத்துவிடும்.

குழாயை வளைக்க மணல் நிரப்பிச் சூடுகாட்டலாமா?

கூடாது. குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம், குழாயின் நடுக்கோட்டில் அளந்தால், விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. 45 மி.மீ. குழாய்க்கு 135 மி.மீ. வளைந்த இடம் சற்று நசுங்கி நீள்வட்டமாகும். குறுகிய விட்டம் நீண்ட விட்டத்தில் 0.9 பங்குக்குக் குறைந்தால் அந்தக் குழாயை ஒதுக்கிவிடுங்கள். சுருக்கம் விழுந்ததும் அப்படியே. பிரதான வளைவு ஒரே துண்டாக இருக்க வேண்டும், நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது.

எஃகுக்கு நினைவாற்றல் உண்டு. 90 பாகைக்கு வளைத்து இயந்திரத்தை விட்டால் இரண்டு மூன்று பாகை திரும்பிப் போகும். அதனால் ஒவ்வொரு புதுக் கட்டுக் குழாயிலும் ஒரு துண்டை வெட்டி வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல குழாயைத் தொடுவேன்.

ஒரு குழாய் இன்னொரு குழாயில் சேரும் இடத்தை எப்படி வெட்டுவது?

மீன்வாய்போல. சேரும் குழாயின் முனை மற்றதன் முதுகில் வாய்வைத்துக் கவ்வியதுபோல் உட்கார வேண்டும். விளக்கைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் ஒரு மயிரிழைக்கு மேல் தெரியக் கூடாது. இடைவெளியைக் கம்பியால் நிரப்பிக்கொள்ளலாம் என்பவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பற்றவைப்பில் எதைப் பார்த்துத் தரம் அறிவது?

கண்ணுக்குத் தெரிகிற இடத்தைப் பார்க்காதீர்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தம்பி அக்கரையில், மலேசியாவில், வாங்கிய பழைய பந்தயக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளைக் கூண்டு, பளபளப்பு. மூட்டுகளின் கீழ்ப்புறத்தில் பற்றவைப்பு, காசுகளைச் சரித்து அடுக்கியதுபோல் அத்தனை ஒழுங்கு. நான் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கைப்பிடிக் கண்ணாடியை எடுத்துக் கூரைக்கும் குழாய்க்கும் இடையே நுழைத்தேன். அங்கும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் காசு வரிசை இல்லை, வழவழப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பட்டிமாவு உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு. பிரதான வளைவும் கூரைக் குழாயும் சேரும் இடத்தில் மேல்புற மூன்றில் ஒரு பங்கு பற்றவைக்கப்படவே இல்லை. நான்கு மூட்டுகளிலும் அதே கதை.

"அண்ணே, இதோடுதான் மூன்று பந்தயம் ஓட்டினேன்" என்றார் அவர். அதற்கு மேல் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதைச் செய்தவர் அறியாமல் செய்ததாக நான் நினைக்கவில்லை. கூரைக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரல்தான் நுழையும். பற்றவைக்கும் டார்ச் நுழையாது. விதியோ, குழாயின் சுற்றளவு முழுவதும் பற்றவைக்க வேண்டும் என்கிறது. இதற்கு வழி இருக்கிறது, நேரம்தான் பிடிக்கும். கூண்டு முழுவதையும் காருக்குள் புள்ளிப் பற்றவைப்பில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பாதம் வரும் இடங்களில் தரைத் தகட்டில் ஓட்டை வெட்டி, கூண்டை ஒரு சாண் கீழே இறக்க வேண்டும். இப்போது கூரைப் பக்கம் கை நுழையும். மேல் மூட்டுகளைச் சுற்றி முடித்துவிட்டு, கூண்டை மறுபடி உயர்த்தி, கீழே தகடு வைத்து மூடிப் பாதத்தைப் பற்றவைக்க வேண்டும். சிலர் கூரைத் தகட்டையே கழற்றிவிடுவார்கள். எப்படியானாலும் விலை பேசும்போது, "மேல் மூட்டை எப்படிச் சுற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

மற்றபடி டிக், மிக் என்ற பற்றவைப்பு முறைகளில் எதுவானாலும் செய்கிறவர் கைதான். நான் டிக்கில் செய்கிறேன், பழக்கம். எந்த மூட்டையும் ஒரே மூச்சில் சுற்றுவதில்லை. இடப்பக்கம் கால்வாசி, வலப்பக்கம் கால்வாசி என்று எதிரெதிராகப் போக வேண்டும், இல்லையென்றால் ஆறும்போது சுருங்கி வளைவின் கால்களை உள்ளே இழுத்துவிடும். டார்ச் எரியும்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும், காற்று, மூட்டைக் காக்கும் ஆர்கான் வாயுவைக் கலைத்து மூட்டில் ஊசித்துளை போட்டுவிடும். நம் ஊர் வெக்கையில், காருக்குள், தோல் கையுறையோடு, விசிறி இல்லாமல். நான் கேட்கும் கூலியில் பாதி அதற்குத்தான்.

பேட்டரியைக் கழற்றாமல், காற்றுப்பைகளை அகற்றாமல், எரிபொருள் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் காருக்குள் பொறி பறக்கவிடக் கூடாது. வெளியே ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். கப்பலில் கற்ற பாடம் இது, காருக்கும் மாற்றமில்லை.

கூண்டின் கால் தரையில் எப்படி நிற்க வேண்டும்?

மழையில் ஊறிய திடலில் பந்தல் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலுக்கு அடியில் பலகை வைக்காவிட்டால் கால் மண்ணுக்குள் இறங்கும். காரின் தரைத் தகடு ஒரு மி.மீட்டர் கனம்கூட இருக்காது. 45க்கு 2.5 குழாயின் வெட்டுமுகப் பரப்பு வெறும் 3.3 சதுர செ.மீ. அதை நேராகத் தகட்டில் வைத்தால், பெரிய அடியில் குழாய் தகட்டைத் துளைத்துக் கீழே போய்விடும், கூண்டு வளையாமலே கூரை இறங்கிவிடும். அதனால் விதி, 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ. பரப்புள்ள வலுவூட்டும் தகட்டைத் தரையோடு பற்றவைக்கச் சொல்கிறது. பரப்பு 36 மடங்கு கூடிவிடுகிறது. போல்ட் போடும் கூண்டென்றால் ஒவ்வொரு பாதத்துக்கும் 8.8 வலிமைத் தரத்தில் எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட் குறைந்தது மூன்று. பிரதான வளைவைப் பின்னாலிருந்து தாங்கும் குழாய்களான பின்தாங்கிகளுக்கு 60 சதுர செ.மீ., போல்ட் இரண்டு. பின்தாங்கிகள் நேராக, செங்குத்திலிருந்து குறைந்தது 30 பாகை சாய்ந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

நான் தகட்டைத் தட்டையாக வைப்பதைவிட, தரையும் பக்கவாட்டுச் சட்டமும் சேரும் மூலையில் இரண்டின் மேலும் ஏறும்படி மடித்து வைப்பேன். காரிலேயே கனமான இடம் அந்தச் சட்டம்தான். பெரிய அடி அங்கேதான் போய் அமர வேண்டும்.

இந்தப் பாதம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அங்கீகாரச் சோதனையில் பிரதான வளைவின் உச்சியில், காரின் எடையோடு 150 கிலோ சேர்த்து அதன் 7.5 மடங்கு சுமையை ஏற்றுவார்கள். 1,100 கிலோ காருக்கு 9 டன்னுக்கு மேல்.

இணையத்தில் ஆயத்தக் கூண்டு விற்கிறார்களே, வாங்கிப் பூட்டலாமா?

அங்கீகாரம் பெற்றது என்றால் தாராளமாக வாங்கலாம், பல சமயம் அதுதான் மலிவு. ஆனால் அதில் ஒரு துளைகூடப் போடக் கூடாது, ஒரு குழாய்கூடச் சேர்த்துப் பற்றவைக்கக் கூடாது. கை வைத்தால் அங்கீகாரம் போயிற்று.

உறை, பட்டை, இருக்கை?

ஹெல்மெட் படக்கூடிய குழாய்களுக்கு எஃப்ஐஏ 8857-2001 தரத்தில் ஏ வகை உறை. நீச்சல் குளத்து மிதவைக் குழல்போல் இருக்கும் மென்பஞ்சு வேண்டாம், அது எரியும்.

தோள் பட்டை பின்னால் போகும்போது கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது, 10க்குள் இருந்தால் நல்லது. செங்குத்தாக இறங்கும் பட்டை மோதலில் முதுகெலும்பை அமுக்கிவிடும். பட்டைக்கான குறுக்குக் குழாயின் உயரத்தையும் இருக்கையை வைத்துத்தான் குறிக்க வேண்டும். எஃப்ஐஏ 8855-1999 இருக்கையென்றால் 5 ஆண்டு ஆயுள், பழையதை வாங்கும்போது ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்.

குரோம் பூசினால் அழகாக இருக்குமே?

வேண்டாம். முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து உலோகம் நொறுங்கும் தன்மை பெறலாம். வெளிர் நிறச் சாயம் மெல்லிதாகப் பூசுங்கள், விரிசல் விட்டால் கண்ணில் படும். நம் ஈரக்காற்றில் சாயம் பூசாமல் ஒரு வாரம் விட்டாலே துரு படியும்.

ஃபார்முலா 1 காரிலேயே வளைவு உடைந்ததே?

2022 சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ஓட்டுநர் சோ குவான்யூவின் கார் கவிழ்ந்து சறுக்கியது. தலைக்குப் பின்னால் இருந்த வளைவு போய்விட்டது, தலையைச் சுற்றி நிற்கும் ஹேலோ எனும் பாதுகாப்பு வளையம் அவரைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு 2023 முதல் வளைவின் உச்சி உருண்டையாக இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். கூர்மையாக இருந்தால் தரையில் குத்தி நிற்கும், உருண்டையாக இருந்தால் சறுக்கிப் போகும். நமக்கும் அதில் செய்தி உண்டு. செங்குத்துச் சுமை மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கார் உருளும்போது அடி முன்னும் பின்னும் பக்கமும் வரும்.

விபத்தில் அடிபட்ட கூண்டை நிமிர்த்திக்கொள்ளலாமா?

வளைந்த குழாயை நிமிர்த்தக் கூடாது, வெட்டி எறிந்து புதிது போட வேண்டும். அங்கீகாரம் பெற்ற கூண்டென்றால் அதைச் செய்த நிறுவனமோ அதன் ஒப்புதல் பெற்றவரோதான் பழுது பார்க்கலாம். நேராகத் தெரியும் குழாயிலும் பாதங்களைச் சுற்றி விரிசல் இருக்கலாம், அங்கே முதலில் பாருங்கள்.

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நானே பற்றவைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம்.

கட்டிய பிறகு எங்கே ஓட்டுவது?

1961 முதல் 1973 வரை நம் தாம்சன் சாலையிலேயே கிராண்ட் பிரீ ஓடியது. இப்போது நமக்கு நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது, மரினா பே ஆண்டுக்கு ஒரு முறை ஃபார்முலா 1 வரும்போதுதான் தடமாகிறது. அதனால் கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போக வேண்டியதுதான். அங்கே 1999இல் திறந்த செப்பாங் தடம் 5.543 கி.மீ. நீளம், நான் கட்டிய பெரும்பாலான கூண்டுகள் அங்கேதான் ஓடுகின்றன. இங்கே பதிவை நீக்கிய காரை ஒரு மாதத்துக்குள் அழிக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும் என்பதால், என்னிடம் வருபவர்களில் பலர் பந்தயக் காரை ஜோகூரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் அளவெடுக்கப் போகும்போது என் வேனில் முக்கால் டாங்க் எரிபொருள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் திரும்புகிறேன். அது இல்லாமல் எல்லை தாண்ட விடமாட்டார்கள். ஒரு முறை மறந்து, வரிசையிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன்.

எத்தனை நாள் ஆகும்?

காரைப் பிரிக்க இரண்டு நாள், குழாய் வளைத்துப் பொருத்த ஒரு வாரம், பற்றவைப்பு நான்கு நாள், சாயமும் காய்தலும் இரண்டு நாள். தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், என் உதவியாளர் இருவரும் ஊருக்குப் போய்விடுவார்கள். முதல் நாள் வரும்போது கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கையையும் ஹெல்மெட்டையும் எடுத்து வாருங்கள். பேசிக்கொண்டே அளந்துவிடலாம்.